காயலான் கடை ராணுவ ஜீப்: கோளாறு வாரியாக எங்கே கை வைப்பது

இந்தக் குறிப்பு இரண்டு வகை வண்டிகளுக்கு. ஒன்று, இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் எம்பியும் அதன் மறுபதிப்பான ஃபோர்டு ஜிபிடபிள்யூவும் (1941–45). இன்னொன்று, வில்லிஸ் உரிமத்தில் மஹிந்திரா இங்கே தயாரித்து ராணுவத்துக்கும் கொடுத்த சிஜே-3பி. 'ஹை பானட்' என்றால்தான் பலருக்குப் புரியும். ராணுவத்தின் இன்னொரு ஜீப்பான ஜோங்கா வைத்திருப்பவர்களுக்கு ஆறு சிலிண்டர் நிஸான் இன்ஜின் என்பதால் எண்கள் மாறும். ஆனால் பெட்ரோல் டாங்கி, எர்த், பிரேக் பற்றிச் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். யாரோ டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டி என்றால் இதில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

சென்னைப் புதுப்பேட்டையிலோ டில்லி மாயாபுரியிலோ காயலான் கடையில் கிடந்து வந்த ஜீப்பில் இருக்கும் கோளாறு, பெரும்பாலும் ராணுவ ஏலம் முடிந்த பிறகு கைமாறிய இடங்களில் செய்த அட்ஜஸ்ட்மெண்ட். ஆகவே ஸ்பேர் வாங்கக் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடுவது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா? கார்பரேட்டர் எந்த வண்டியுடையது? பெட்ரோல் பைப்பை யாராவது இடம் மாற்றியிருக்கிறார்களா? கையில் ஒரு மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ், இரண்டு மீட்டர் புது பெட்ரோல் ஓஸ் இருந்தால் கீழே உள்ளதில் முக்கால்வாசி வீட்டு வாசலிலேயே முடியும். தீயணைப்பான் இல்லாமல் பெட்ரோல் லைனில் கை வைக்காதீர்கள்.

இன்ஜின் சுற்றவே மாட்டேன் என்கிறது

'ஜாம்' என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். விலையும் அதனால்தான் குறைந்திருக்கும். உண்மையிலேயே ஜாமா என்று பாருங்கள்.

முதலில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள். அதன் பல் ஃப்ளைவீலில் சிக்கிக்கொண்டால் இன்ஜின் பிடித்துக்கொண்ட மாதிரியே இருக்கும். கழற்றிய பிறகு, கியரை நியூட்ரலில் வைத்து முன்பக்கம் ஹேண்டில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் செலவு அங்கேயே முடிந்தது.

சுற்றவில்லையா? நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் சரிபாதி கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிடுங்கள். தினமும் ஹேண்டிலை இரு பக்கமும் கொஞ்சம் அசைத்தால் போதும். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்து எடுக்கலாம் என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். கேட்காதீர்கள். கனெக்டிங் ராட் வளைந்தால் ஊறவைத்ததெல்லாம் வீண்.

இன்ஜின் சுற்றியும் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லையென்றால் வால்வு கைடில் ஒட்டியிருக்கும். எம்பியில் வால்வுகள் பக்கவாட்டில் இருப்பதால் மேனிஃபோல்டு பக்கத்து மூடியைத் திறந்தாலே தெரியும். கேஜில் நான்கும் 90 முதல் 110 பிஎஸ்ஐ-க்குள், ஒன்றுக்கொன்று 10-க்கு மேல் விலகாமல் இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இரண்டு மூன்று வாரம் ஊறியும் அசையவில்லை, அல்லது பிளக் ஓட்டை வழியாகத் துருத் தண்ணீர் வருகிறது. ஹெட்டைத் திறந்து போரிங் கடைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

செல்ஃப் முனகுகிறது, வேகமாகச் சுற்றவில்லை

பேட்டரியை மாற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஆனால் கேபிளைப் பாருங்கள். 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டிருப்பார்கள்; தடிமன் போதாது. 50 சதுர மி.மீட்டருக்குக் குறையாத செம்பு கேபிள் வேண்டும். அப்புறம் எர்த். பெயின்ட் அடித்த சேஸிஸ் மேல் போல்ட் போட்டு எர்த் கொடுத்திருந்தால் அது எர்த்தே இல்லை. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய பின்னல் பட்டை பல வண்டிகளில் காணாமலே போயிருக்கும்.

சோதனை: மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல), மறுமுனை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில். ஒருவர் செல்ஃப் போடட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி கம்பத்திலிருந்து செல்ஃப் டெர்மினல் வரை பாருங்கள். எம்பியில் காலால் மிதிக்கும் செல்ஃப் சுவிட்ச் தரையில் இருக்கிறது. மழைத்தண்ணீர், சேறு எல்லாம் அங்கேதான் இறங்கும், உள்ளே செம்புத் தகடு கருகியிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முனகினால் செல்ஃபின் புஷ், கார்பன். அது எலக்ட்ரீசியன் வேலை, பெரிய செலவில்லை. 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டியில் பழைய 6 வோல்ட் செல்ஃப் நன்றாகவே சுற்றும். ஆனால் நீட்டி அழுத்தாதீர்கள்.

பத்து நிமிடம் ஓடுகிறது, நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

இந்த வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு இதுதான். கார்பரேட்டரைக் குறை சொல்லி மூன்று தரம் பிரித்துச் சுத்தம் செய்த பிறகே பலர் வேறு இடம் பார்க்கிறார்கள்.

நின்ற அந்த நிமிடமே ஒரு சோதனை செய்ய வேண்டும். ஆறவிட்டால் தடயம் போய்விடும். கார்பரேட்டர் வாயிலிருந்து ஏர் கிளீனர் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே டார்ச் அடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டர் லிங்கைக் கையால் சட்டென்று இழுங்கள். மெல்லிய கோடாகப் பெட்ரோல் பீய்ச்சுகிறதா?

*பீய்ச்சவில்லை: பெட்ரோல் பக்கம்*

டாங்கி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்று ஓட்டை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்தி விட்டால் வேலை முடிந்தது.

சத்தமில்லை என்றால் பெட்ரோல் பம்பில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம். அடியில் காப்பிப்பொடி நிறத்தில் தூள் படிந்திருந்தால் டாங்கி துரு. உருண்டை உருண்டையாகத் தனியே நின்றால் தண்ணீர். கிண்ணத்தைக் கழுவி மாட்டும்போது பேக்கிங்கைக் கவனியுங்கள். அது காய்ந்திருந்தால் பம்ப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும்.

அடுத்து, சேஸிஸ் பைப்பையும் பம்பையும் இணைக்கும் ஓஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இது உறிஞ்சும் பக்கம்; விரிசல் விட்டாலும் ஒரு சொட்டு வெளியே வராது. வெளியிலிருந்து பார்த்தால் நல்லபடியாகத்தான் இருக்கும். இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள். வளைவின் மேல்பக்கம் மயிரிழை மயிரிழையாகக் கோடு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கிறது. ஓஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓஸும் சரி என்றால், கோளாறு டாங்கியிலா பம்பிலா என்று பிரிக்க வேண்டும். டாங்கி லைனைக் கழற்றி அடைத்துவிட்டு, புது ஓஸை பம்பிலிருந்து ஒரு உலோக கேனுக்கு நேராகக் கொடுங்கள். கேனை இன்ஜின் சூட்டுக்கு எட்டாமல் தரையில் நிறுத்தி வையுங்கள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே அரைமணி ஓடவிடுங்கள்.

அரைமணி நிற்காமல் ஓடினால் பம்பில் குற்றமில்லை. டாங்கி மூடியைத் திறந்து வைத்து, கழற்றிய லைன் வழியாகப் பின்னோக்கிக் கால் பம்பால் காற்றடியுங்கள். பிறகு பழையபடி மாட்டி ஓட்டினால் ஒழுங்காகப் போய், கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றால் சந்தேகமே வேண்டாம்: டாங்கிக்குள் துரு அள்ளிக்கொண்டு போய் உறிஞ்சு குழாயின் வாயை மூடுகிறது, நின்றதும் உதிர்ந்துவிடுகிறது. ஆறினால் ஓடுகிற மர்மம் இதுதான்.

டாங்கி ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே இருப்பதால் இறக்குவது சுலபம். ஒரு கை நட்டும் மண்ணெண்ணெயும் போட்டு மூடிக் குலுக்குங்கள். தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். அலசிய உடனே காயவைத்து பெட்ரோல் நிரப்பாவிட்டால் மறுநாளே துரு பூக்கும்.

கேனிலிருந்தும் நின்றுவிட்டால் இரண்டு சாத்தியம். நின்றதும் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். ஒரு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது. பம்பும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம் இருப்பதால் சமவெளி வெயிலில் இது சகஜம். பைப்பை மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், நடுவே ஒரு தகடு வையுங்கள். மேனிஃபோல்டில் இருக்கும் சூட்டுக் கதவு குளிர்கால நிலையில் துருப்பிடித்து நின்றிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் அப்படித்தான் நின்றிருக்கும்.

ஈரத்துணிக்கும் மசியவில்லை என்றால் டயாஃப்ரம். கூடவே ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் டயாஃப்ரம் கிழிந்து ஆயிலில் இறங்குகிறது. ஆயிலை மாற்றாமல் இன்ஜினை ஓட்டவே கூடாது.

எலக்ட்ரிக் பம்ப் போட்டுவிட்டால் எல்லாம் தீரும் என்பார்கள். எம்பியின் கார்ட்டர் கார்பரேட்டருக்கு 2.5 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் தள்ளும் கார் பம்பைப் போட்டால் ஊசி வால்வு தாங்காது, கார்பரேட்டர் வழிந்து சூடான மேனிஃபோல்டு மேல் சொட்டும். ரெகுலேட்டர் இல்லாமல் போடாதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: டாங்கியில் ஓட்டை. காலி டாங்கிதானே என்று பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிடாதீர்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் காலி டாங்கி வெடிக்கும். பெட்ரோல் டாங்கி வேலையே செய்கிறவரிடம் கொடுங்கள்.

*பீய்ச்சுகிறது: கரண்ட் பக்கம்*

முதல் சந்தேகம் கண்டென்சர். விலை குறைவு, சூட்டில் கைவிடுவதும் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிச் சுற்றும்போது பாயின்ட்டில் பளிச்சென்று நீலமாகப் பொறி தெறித்தால் கண்டென்சர் போயிற்று. இப்போது கடையில் கிடைக்கும் புதுக் கண்டென்சர்களில் டப்பாவிலேயே செத்தது நிறைய உண்டு. ஆகவே ஓடுகிற பழையது ஒன்று கிடைத்தால் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டெர்மினலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் சின்ன வயர். உறைக்குள் செம்பு அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வயரை ஆட்டினால் காட்டிக்கொடுக்கும். பாயின்ட் இடைவெளி 0.5 மி.மீ. (0.020 அங்குலம்), பிளக் 0.75 மி.மீ.

பிறகு காயில். 12 வோல்ட்டுக்கு மாற்றியவர் காயிலை மட்டும் மறந்திருப்பார். 6 வோல்ட் காயிலில் 12 வோல்ட் விட்டால் தொட முடியாத அளவு கொதித்து நிற்கும். காயிலை மாற்றும்போது வெளி ரெசிஸ்டர் வேண்டிய ரகமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஷாஃப்ட் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது; பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். அதற்கு லேத் பட்டறைதான்.

சூடேறுகிறது

ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் முகப்பில் சேறு, தெர்மோஸ்டாட், இக்னிஷன் டைமிங். இந்த வரிசையில் பாருங்கள். பல வருடம் நின்ற வண்டியில் பிளாக்கின் பின்கோடியில் சேறு கட்டியிருக்கும். வடிகால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, கம்பி விட்டுக் குத்த வேண்டியிருக்கும்.

குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட் மாற்றியும் குமிழி வந்தால், எம்பி இன்ஜினில் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருக்கலாம். அது வீட்டில் ஆகிற காரியமில்லை.

50 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது

சின்னக் குழியில் முன்சக்கரம் இறங்கியதும் ஸ்டீயரிங் வெறிபிடித்து ஆடும். வண்டி கிட்டத்தட்ட நிற்கும்வரை விடாது. இதற்கு ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டுவது நோயை மறைப்பது. முதலில் கீழே உள்ளதைப் பாருங்கள்.

டயர் காற்று இரு பக்கமும் சமமா, டயர் வட்டமாக இருக்கிறதா? வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயரில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அது ஓடி ஓடிச் சரியாகாது.

சக்கரத்தைக் கழற்றும்போது இரண்டு எச்சரிக்கை. எம்பியில் இடது பக்கத்து வீல் நட்டுகள் இடப்புரி. கடிகார திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நாலடி குழாய் மாட்டி ஏறி மிதித்து ஸ்டட் ஒடித்த வண்டிகள் ஏராளம். உங்கள் வண்டியிலும் அங்கே எண்ணிக்கை குறைந்திருக்கலாம். இன்னொன்று, இரண்டு பாதியாகப் போல்ட் போட்டுச் சேர்த்த ராணுவ ரிம். அந்தப் பாதிகளைப் பிடித்திருக்கும் நட்டில், டயரின் காற்றை முழுக்க இறக்கி வால்வு ஊசியையும் கழற்றும்வரை ஸ்பானரே வைக்காதீர்கள். காற்றோடு கழற்றினால் ரிம் தெறித்து ஆளைக் கொல்லும்.

சரி, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள்.

- ஆட்டம் நின்றது: வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. நட்டை இறுக்கி, திரும்பப் பூட்டினால் போதும். பேரிங்கில் கரகரப்பு இருந்தால் மாற்றுங்கள்.
- ஆட்டம் நிற்கவில்லை: கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் அடியில் மெல்லிய ஷிம்கள் இருக்கும். மேலிருந்து எடுத்த அளவு கீழிருந்தும் எடுங்கள், அச்சு நடுவில் நிற்க வேண்டும். டை ராடை (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) கழற்றிவிட்டு நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) கையால் திருப்பினால் லேசாக எதிர்ப்புத் தெரிய வேண்டும். தொளதொளவென்று திரும்பினால் உதறல் திரும்பி வரும்.

டயர் ஆடவில்லை என்றால் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீயரிங்கை இங்கும் அங்கும் சிறிது திருப்ப, நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். முன் கிராஸ்மெம்பர் மேல் இருக்கும் பெல் கிராங்க்தான் இந்த ஜீப்பின் வழக்கமான குற்றவாளி. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் ராட் அதைத் திருப்பி, அது இரு டை ராடையும் தள்ளும். அதன் ஊசி பேரிங்கில் கிரீஸ் போகாமல் தேய்ந்திருந்தால், திருப்பும் முன் அது மேலும் கீழும் சாய்வது கண்ணுக்கே தெரியும். ரிப்பேர் கிட் கிடைக்கிறது. அடுத்தது டை ராட் முனைகள், ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் புஷ். எல்லாம் இறுகிய பிறகு டோ-இன் (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பி நிற்கும் அளவு) வைக்க அலைன்மெண்ட் கடைக்குப் போங்கள். முன்பே போனால் பணம் தண்டம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஸ்டீயரிங் பெட்டி கட்டிய இடத்தில் சேஸிஸ் வெடித்திருக்கிறது. வெல்டிங் தெரிந்த நண்பர் போதாது, சேஸிஸ் வேலை செய்கிறவர் வேண்டும்.

பிரேக் பிடித்தபின் விடவில்லை

பெடலில் முதல் அரை அங்குலம் சும்மா போக வேண்டும். போகவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் திரும்பும் துளை மூடியே இருக்கும், ராடைச் சரிசெய்யுங்கள். பெடல் சரி, இன்னும் பிடிக்கிறது என்றால் அந்தச் சக்கரத்தின் பிளீட் நிப்பிளைத் திறங்கள்.

- சக்கரம் விட்டது: பிரஷர் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்றால் ரப்பர் ஓஸ் உள்ளே உப்பியிருக்கும். நான்கும் என்றால் மாஸ்டர் சிலிண்டர்.
- விடவில்லை: வீல் சிலிண்டர் துரு, அல்லது ஸ்பிரிங், அல்லது லைனிங் ஒட்டல். ட்ரம்மைக் கழற்றியே ஆக வேண்டும்.

பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் ட்ரம்முக்குள் ஆக்சில் ஆயில் கசிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வேலைக்கு ஆகாது. சீலோடு சேர்த்து மாற்றுங்கள்.

இந்த ஜீப்பில் பிரேக் லைன் ஒரே சர்க்யூட். ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். காயலான் கடையிலிருந்து வந்த வண்டியில் இரும்பு பைப்பை ஒட்டுமொத்தமாக மாற்றுவதில் கணக்குப் பார்க்காதீர்கள். கைப்பிரேக் உங்களைக் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம்: அது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்பக்கம் ஷாஃப்ட்டைப் பிடிப்பது. பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் கைப்பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். கட்டை வைத்துவிட்டுத்தான் கீழே படுக்க வேண்டும்.

ஃபோர் வீல் லிவர் வெளியே வரவில்லை

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டியிருப்பீர்கள். முன்னும் பின்னும் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. சில மீட்டர் நேராகப் பின்னால் எடுங்கள், லிவர் தானே வரும். அடங்காவிட்டால் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். சுத்தியல் வேண்டாம்.

லோ (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) விழவில்லை என்ற புகாருக்கு விடை: முன் ஆக்சில் லிவரைப் போட்ட பிறகுதான் லோ விழும். பூட்டு வைத்தே செய்திருக்கிறார்கள்.

கியர் தானாகக் கழன்றால் முதலில் கியர்பாக்ஸ் போல்ட், மவுண்ட் ரப்பர், அப்புறம் லிவருக்குக் கீழ் இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும். இதற்கு மேல் என்றால் பெட்டியை இறக்க வேண்டும்; ஜீப் கியர்பாக்ஸ் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் ஒழுகினால் சீல் மாற்றும் முன் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் புது சீலும் ஒழுகும்.

வண்டி ஓடுகிறது, பேப்பர் ஓடவில்லை

இதுவும் கோளாறுதான், சரிசெய்ய அதிகம் செலவாவதும் இதுதான். எம்பியின் சேஸிஸ் எண், முன் பம்பருக்குப் பின்னே இடது சேஸிஸின் உள்பக்கம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். ஜிபிடபிள்யூவில் இடது சேஸிஸின் மேல்பரப்பிலேயே பொறித்திருக்கும். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். எது எது என்று குழம்பினால் ரேடியேட்டருக்குக் கீழ் இருக்கும் கிராஸ்மெம்பரைப் பாருங்கள்: உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், சதுரக் கட்டு என்றால் ஃபோர்டு. ஃபோர்டு பாகங்களில் சின்னதாக 'எஃப்' எழுத்தும் இருக்கும். ஆர்சியில் வில்லிஸ், கீழே ஃபோர்டு சேஸிஸ் என்ற வண்டிகள் உண்டு. ஆர்டிஓவிடம் போகும் முன் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

2021-இல் வந்த மத்திய விதித் திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. எண்ணில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும். தினமும் ஓட்ட நினைப்பவர் இந்தப் பக்கம் போக வேண்டாம், பழைய ஆர்சியைப் புதுப்பிக்கிற வழியைப் பார்க்கலாம். ராணுவ ஏலத் தாளும் இல்லை, சேஸிஸ் எண்ணும் சாணை பிடித்து அழித்திருக்கிறது என்றால் அந்த வண்டியை ஸ்பேருக்கு மட்டும் விலை பேசுங்கள்.